விடியும்வரை தாங்கும் பெட்டரி

இயேசு மரி சூசை துணை
நாவுல
10.03.2002

அன்புத் தம்பி நோபர்ட்டுக்கு அக்கா மார்ஜரி எழுதுவது,

கொழும்பு வெயிலும் உன் கடை அசிட் புகையும் உன்னை இன்னும் விட்டுவைத்திருக்கும் என்று நம்புகிறேன். எனக்கு முழங்கால் வலியைத் தவிர வேறு குறையில்லை. உன் மச்சானுக்கு வலது கையும் காலும் வாதம் வந்தபோது இருந்தபடியேதான். வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை, முன்னைவிட நன்றாக வேலை செய்கிறது.

ஒரு முக்கியமான விஷயம். எங்கள் பக்கம் கரண்ட் இன்னும் பத்து வருஷத்துக்கு வராது. மாத்தளையிலிருந்து பதுர்தீன் என்று ஒருவர் சோலார் விற்க வருகிறார். கூரையில் ஒரு தகடு, வீட்டுக்குள் ஒரு பெட்டரி, மூன்று லைட். பக்கத்து வீட்டு சந்திரகாந்தா போட்டுவிட்டாள். அதைப் பார்த்த நாளிலிருந்து உன் மச்சான் என்னை நிம்மதியாக இருக்க விடவில்லை.

காரணம் உனக்குத் தெரியும். எங்கள் ஒஸ்வல்ட் தம்புள்ளைச் சந்தைக்கு மூட்டை தூக்கப் போன அன்று காலையில் இவர்தான், "லேட்டானாலும் பரவாயில்ல, வந்துரு. வெளக்க அணைக்காம வச்சிருக்கோம்" என்று சொல்லி அனுப்பினார். திரும்பி வரும் வழியில் பிள்ளையைப் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோன ஆமிக்காரர்கள் இன்றுவரை திருப்பித் தரவில்லை, எந்த முகாமில் வைத்திருக்கிறார்கள் என்றும் சொல்லவில்லை. விறாந்தையில் மண்ணெண்ணெய் விளக்கு வைத்தபடி இருக்கிறேன். காற்றடித்தால் அணைந்துவிடும். அணைந்தால் கட்டிலில் கிடந்தபடி "மார்ஜரி, வெளக்கு!" என்று கத்துவார். ஓர் இரவில் எத்தனை தடவை எழும்பினேன் என்று என் முழங்காலைக் கேள்.

விடியும்வரை ஒரு லைட் எரிய வேண்டும். அதற்கு எந்தப் பெட்டரி எடுப்பது? பெட்டரிக் கடையிலேயே தலை நரைத்தவன் நீ, சொல்லு. உன் கடிதத்தை வழக்கம்போல அவருக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுவேன், நான் எழுதுவதையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் ஒட்ட விடுகிறார். ஆகையால் அவரைத் திட்டுவதானால் பார்த்துத் திட்டு.

தேவமாதா உன்னைக் காக்கட்டும்.
அக்கா மார்ஜரி

*

பஞ்சிகாவத்தை, கொழும்பு
24.03.2002

பாசமுள்ள அக்காவுக்கும் மச்சானுக்கும்,

நான் சுகம். இருமல் கொஞ்சம், அது என்னோடு கூடப்பிறந்தது மாதிரி ஆகிவிட்டது. மச்சானின் வாய் நலமாயிருப்பது அறிந்து சந்தோஷம்.

பதுர்தீன் நானா கார் பெட்டரி தலையில் கட்டப் பார்ப்பார், வாங்கிவிடாதீர்கள். கார் பெட்டரியின் பிளேட் மெல்லியது. எஞ்சினை ஒரு உதை உதைத்து ஸ்டார்ட் பண்ணத்தான் அது லாயக்கு. ராத்திரி முழுக்க லைட் எரித்தால் ஆறு மாதத்தில் வாயைப் பிளந்துவிடும். சோலாருக்கென்றே கனமான பிளேட் போட்ட பெட்டரி இருக்கிறது. அதிலும் நாற்பது ஏ.எச். என்று சின்னது ஒன்று, நூறு என்று பெரியது ஒன்று. வீட்டுக்குள் இரண்டு லைட், ரேடியோ எல்லாம் போட்டால் சின்னது பத்து மணிக்குப் படுத்துவிடும். பெரியதென்றால் ஐந்து நாள் அடைமழையிலும் விடியும்வரை எரியும். யோசிக்கவே வேண்டாம், பெரியதுதான். நானே பொறுக்கி எடுத்துத் தருவேன். இப்போது வழியில் சோதனைச் சாவடிகள் குறைந்துவிட்டன. முன்னென்றால் ஒரு தமிழன் பெட்டரியும் வயரும் கொண்டு பஸ் ஏறினால் நேரே உள்ளேதான்.

இன்னொரு நல்ல செய்தி. சமாதானம் வந்ததால் முகாம்களிலிருந்து ஆட்களை விடத் தொடங்கிவிட்டார்கள். ஒவ்வொரு கிழமையும் ஒஸ்வல்டின் படத்தோடு அரசாங்கக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்குகிறேன். வெளியே வருகிற பையன்களிடமும் காட்டுகிறேன். மருமகன் வரும் ராத்திரி உங்கள் வீடு திருவிழாக் கோயில் மாதிரி ஜொலிக்க வேண்டும்.

அன்பு மாறாத தம்பி
நோபர்ட்

*

நாவுல
21.04.2002

அன்புத் தம்பிக்கு,

பாஸ்காவுக்கு நீ வராதது ஒரு குறை. மற்றபடி ஆண்டவர் கிருபையால் இருவரும் இருக்கிறோம். இருமலுக்கு ஆடாதோடை அவித்துக் குடி என்று எத்தனை தரம் சொல்வது? கட்டிய பெண்டாட்டி இருந்தால் அவளாவது சொல்லுவாள்.

உன் கடிதத்தை மச்சானுக்கு மூன்று தடவை வாசித்தேன். "திருவிழாக் கோயில்" என்ற இடம் வந்ததும் நிறுத்தச் சொல்லிவிட்டு அழுதார். பிறகு அந்த இடத்தையே மறுபடி வாசிக்கச் சொன்னார். பெரிய பெட்டரிதான் என்று முடிவாகிவிட்டது. மச்சான் முடிவெடுத்தால் பிறகு யாரும் வாய் திறக்கக்கூடாது.

பதுர்தீன் வந்தார். தகடும் லைட்டும் தருகிறாராம், பெட்டரியை என் தம்பி கொண்டுவருவான் என்றேன். "தம்பி பெட்டரி கடையா? அப்ப நான் வாயே தெறக்கல" என்று சிரித்தார். தங்கமான மனுஷன்.

சந்திரகாந்தா வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். அவளுடையது சின்னப் பெட்டரி. டீவியில் நாடகம் முடிகிற நேரம் சிவப்புப் பொட்டு ஒன்று எரிந்தது, பட்டென்று எல்லாம் இருட்டு. அவள் சிரித்துக்கொண்டு மெழுகுதிரி தேடினாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த இருட்டு எங்கள் வீட்டுக்கு வேண்டாம், நோபர்ட். சீக்கிரம் அனுப்பு. பிள்ளையைப் பற்றி ஏதும் தெரிந்தால் அதையும் எழுது.

உன் வரவை எதிர்பார்க்கும்
அக்கா மார்ஜரி

*

கொழும்பு
16.06.2002

அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். கடையில் வேலை அதிகம். எனக்குச் சுகம். உங்கள் இருவரின் சுகத்துக்கும் மன்றாடுகிறேன்.

பெட்டரி விஷயம். நன்றாக யோசித்துப் பார்த்தேன். உங்களுக்குச் சின்னதே போதும். பெரியது பாரம் கூடியது, இடத்தை அடைக்கும். அதை நிரப்ப உங்கள் கூரையில் போடும் தகடு காணாது. அரைகுறையாக நிரம்பிக் கிடந்தால் பிளேட்டில் உப்புப் பிடித்துக் கெட்டுவிடும். பராமரிப்பும் அதிகம். மாதாமாதம் மூடியைத் திறந்து டிஸ்டில் வோட்டர் ஊற்ற வேண்டும், குழாய்த் தண்ணீர் ஒரு துளி ஆகாது. முழங்கால் வலியோடு நீங்கள் எப்படிச் செய்வீர்கள்? சின்னதில் மூடியே இல்லை, அப்படியே வைத்துவிடலாம். பின்னேரம் ஏழு மணியிலிருந்து பத்துவரை எரிந்தால் ஒரு வீட்டுக்குப் போதும்தானே. அதற்குப் பிறகு எல்லாரும் படுக்கத்தானே வேண்டும்.

மச்சானுக்கு என் அன்பு.
நோபர்ட்

*

நாவுல
30.06.2002

அன்புத் தம்பிக்கு,

இங்கே எப்போதும்போல இருக்கிறோம். நீ சுகமென்று எழுதியிருக்கிறாய், ஆனால் உன் கையெழுத்து சுகமில்லாதவன் கையெழுத்து மாதிரி இருக்கிறது.

கடிதத்தை வாசித்ததும் மச்சானுக்கு வந்த கோபத்தை எழுதி முடியாது. "நோபர்ட்டுக்கு என்ன புடிச்சிருக்கு? பத்து மணிக்குப் படுக்கவா நா லைட்டு கேட்டேன்? புள்ள கடைசி பஸ்ஸுல வந்தா பத்துக்கு மேலதான வருவான்!" என்று கட்டிலையே ஆட்டிவிட்டார். நான் உனக்காகப் பரிந்து பேசினேன். தகடு சின்னதென்றால் பெரிய தகடே போடுகிறேன் என்று பதுர்தீன் சொல்லிப் போட்டும்விட்டார். இப்போது கூரையில் தகடு இருக்கிறது, கீழே பெட்டரி இல்லை. காகம்தான் அதில் உட்கார்ந்து முகம் பார்க்கிறது. தண்ணீர் ஊற்றுவது பெரிய வேலையா? நோயாளிக்குக் கஞ்சி ஊற்றுகிறவளுக்குப் பெட்டரிக்குத் தண்ணீர் ஊற்றத் தெரியாதா?

மச்சான் ஒன்று கேட்கச் சொல்கிறார். ஒஸ்வல்டைப் பற்றி இந்த முறை நீ ஒன்றும் எழுதவில்லையாம். மறந்துபோயிருப்பான், வேலை அதிகம் என்று நான்தான் சொன்னேன்.

அக்கா மார்ஜரி

*

கொழும்பு
28.07.2002

அக்காவுக்கும் மச்சானுக்கும்,

வணக்கம். இருமல் குறைந்திருக்கிறது. மச்சான் கோபப்படக்கூடாது, பிரஷர் ஏறும்.

பெரிய பெட்டரி இப்போது கடையில் இல்லை. கப்பல் வரவேண்டும் என்கிறார்கள். வந்தாலும் யோசிக்க வேண்டிய விஷயம் அது. நன்றாகப் பார்த்துக்கொண்டால் ஐந்து வருஷம் உழைக்கும் சாமான். அவ்வளவு காலத்துக்கு எரிய வைத்து என்ன செய்யப் போகிறீர்கள்? சின்னது இரண்டு வருஷம் போகும், போதும். நான் அனுபவத்தில் சொல்கிறேன். வயரிங் செய்யும்போது சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு என்று பார்த்துக் கொடுக்கச் சொல்லுங்கள். பெட்டரிக்குப் பக்கத்தில் விளக்குக் கொளுத்த வேண்டாம். பெட்டரியை வெறும் நிலத்தில் வைக்காமல் பலகை மேல் வையுங்கள்.

கந்தோர்ப் பக்கம் போக நேரம் கிடைக்கவில்லை.

நோபர்ட்

*

சந்திரகாந்தா வீடு, நாவுல
11.08.2002

நோபர்ட்,

இதை நான் சந்திரகாந்தாவின் மேசையில் இருந்து எழுதுகிறேன். மச்சானுக்குத் தெரியாது. இதை அவருக்கு வாசிக்கப் போவதும் இல்லை. உன் சுகத்தைப் பிறகு கேட்கிறேன்.

நீ பிறந்ததிலிருந்து உன்னை எனக்குத் தெரியும். எனக்குக் கல்யாணம் நடந்தபோது இருந்த காசையெல்லாம் கொட்டி, ஊரிலேயே பெரிய கேக்கைக் கொண்டுவந்து நிறுத்தியவன் நீ. ஒஸ்வல்டுக்கு ஞானஸ்நானத்துக்கு நீ எடுத்த சட்டையை அவன் ஐந்து வயதில்தான் போட முடிந்தது. சின்னதை வாங்கு என்று உன் வாயில் ஒருநாளும் வந்ததில்லை. மார்ச் மாதம் யோசிக்கவே வேண்டாம் என்றாய். ஜூன் மாதம் நன்றாக யோசித்தேன் என்கிறாய். அவ்வளவு காலத்துக்கு எரிய வைத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டிருக்கிறாய். மச்சானுக்கு அந்த வரியை விட்டுவிட்டு வாசித்தேன்.

யாருக்காக எரிய வைக்கிறோம் என்று உனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே இப்படி எழுதியிருக்கிறாய்.

என் பிள்ளை இருக்கிறானா? சந்திரகாந்தாவின் பேருக்கு, இந்த வீட்டுக்குப் பதில் போடு. பெட்டரியைப் பற்றி ஒரு வார்த்தை எழுதாதே.

அக்கா

*

கொழும்பு
15.09.2002

என் அக்காவுக்கு,

உங்கள் கடிதம் வந்து ஒரு மாதமாகிறது. எடுத்து எழுதத் தொடங்குவேன், கிழித்துப்போடுவேன். இன்று பூசை கண்டுவிட்டு வந்து எழுதுகிறேன்.

இல்லை அக்கா. ஒஸ்வல்ட் இல்லை.

மே மாதம் ஒரு பையன் கடைக்கு வந்தான். நல்லையா என்று பெயர், ரத்தோட்டைப் பக்கம் தோட்டத்துப் பிள்ளை. முகாமிலிருந்து விட்டு ஒரு கிழமைதான் ஆகியிருந்தது. நான் படம் காட்டிய யாரோ சொல்லி என்னைத் தேடிக்கொண்டு வந்திருக்கிறான். ஒஸ்வல்டோடு ஒரே அறையில் இருந்தவன். பிடித்துப்போன அந்த வருஷம் கிறிஸ்மஸ் வருவதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டதாம். நோய் ஒன்றும் இல்லை. எப்படி என்று கேட்டேன், சொன்னான். அதை நான் எழுதமாட்டேன், நீங்களும் கேட்காதீர்கள். உடம்பை எங்கே கொண்டுபோனார்கள் என்று அவனுக்குத் தெரியாது. "எந்நேரமும் கடைசி பஸ்ஸு போயிருக்குமான்னுதாண்ணே கேட்டுக்கிட்டே இருப்பாரு" என்று சொல்லி அந்தப் பையன் என் முன்னால் அழுதான். நான் அவனுக்கு ஒரு பிளேன்டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். வேறென்ன செய்ய என்று எனக்கு விளங்கவில்லை.

நீங்கள் சத்தமாக வாசிப்பீர்கள், மச்சான் பக்கத்தில் கிடப்பார். அந்தக் கடிதத்தில் எப்படி எழுதுவது? அதனால் எனக்குத் தெரிந்ததை எழுதினேன். பிளேட், உப்பு, தண்ணீர் என்று எழுதினேன்.

சின்னப் பெட்டரியை ஏன் சொன்னேன் என்றால், பெரியதை வாங்கினால் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். என்றைக்காவது ஒருநாள் யாராவது கையை நீட்டி அதை அணைக்க வேண்டும். அந்தக் கை உங்களுடையதாகத்தான் இருக்கும். சின்னதென்றால் பத்து மணிக்குத் தானாகவே நின்றுவிடும். மச்சான் பெட்டரியைத் திட்டுவார், என்னைத் திட்டுவார். கொஞ்ச நாளில் இருட்டுக்குப் பழகி நித்திரை கொள்வார் என்று நினைத்தேன். என் மரமண்டைக்கு வேறொன்றும் தோன்றவில்லை.

தைரியமாக இருங்கள் என்று எழுத எனக்கே தைரியமில்லை.

நோபர்ட்

*

சந்திரகாந்தா வீடு, நாவுல
20.10.2002

தம்பி,

என் பிள்ளை செத்துப்போனான். எழுதிப் பார்த்தால் விளங்கும் என்று எழுதினேன். விளங்கவில்லை.

உன் கடிதத்தை சந்திரகாந்தாதான் கொண்டுவந்து கொடுத்தாள். அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, என் முகத்தைப் பார்த்தே அவள் அழத் தொடங்கிவிட்டாள். அவள் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பெற்ற பிள்ளைக்காக என் வீட்டில் ஒப்பாரி வைக்க எனக்கு உரிமையில்லை. வீட்டுக்கு வந்ததும் மச்சான், "ஏன் கண்ணு செவந்திருக்கு?" என்று கேட்டார். வெங்காய அறுவடைக்குப் போனேன், தாள் அறுத்தேன் என்றேன். பிறகு தினமும் வெங்காயத்துக்கே போகிறேன். அறுவடை முடிந்துவிட்டது, இனி எதைச் சொல்வது என்று தெரியவில்லை.

நீ இதைத் தனியாகச் சுமந்ததற்கு உன்னைக் கட்டிப்பிடித்து அழ வேண்டும்போல் இருக்கிறது. மறைத்ததற்குக் கன்னத்தில் ஒன்று போட வேண்டும்போலும் இருக்கிறது.

சகல ஆத்துமாக்கள் நாளுக்கு மரித்தவர்கள் பேர் கொடுங்கள் என்று சாமியார் கேட்டார். கோயிலில் பேரைச் சத்தமாக வாசிப்பார்கள், யாராவது வந்து மச்சானிடம் சொல்லிவிடுவார்கள். என் அம்மா அப்பா பேரைக் கொடுத்துவிட்டு எழும்பி வந்துவிட்டேன். நீ கொழும்பில் ஒரு கோயிலில் அவன் பேரைக் கொடு. முழுப் பேரையும் கொடு, இராயப்பன் மார்ஜரி மகன் என்று சொல்லு.

மச்சானிடம் சொல்ல மாட்டேன். இன்னொரு தரம் வாதம் வந்தால் ஆளில்லை என்று மாத்தளை டொக்டர் சொல்லியிருக்கிறார். ஆனால் நான் சொல்லாததற்கு அது மட்டும் காரணமில்லை. அந்த மனுஷனுக்கு ஒரு கை ஒரு காலோடு இந்த உலகத்தில் ஒரே ஒரு வேலைதான் இருக்கிறது. பாதையைப் பார்த்துக்கொண்டு கிடப்பது. அதை நான் பிடுங்க மாட்டேன். உன் சின்னப் பெட்டரி பத்து மணிக்கு நின்றுவிடும் என்று எழுதினாயே, அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்று யோசித்தாயா? மண்ணெண்ணெய் விளக்கு அணைந்த ராத்திரிகளில் என்ன சொல்கிறார் தெரியுமா? "வந்திருப்பான் மார்ஜரி, வெளக்கில்லாததப் பாத்துட்டு திரும்பிப் போயிருப்பான்." இனி அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு அந்த இருட்டில் என்னால் படுத்திருக்க முடியாது, தம்பி. முன்பு முடிந்தது. இப்போது முடியாது.

பெரியதையே அனுப்பு. அனுப்பும்போது மச்சானுக்கென்று ஒரு கடிதம் எழுது. நான் சத்தமாக வாசிக்கிற மாதிரி எழுது. முன்பு எழுதினாயே, அந்த மாதிரி.

அக்கா

*

இயேசு மரி சூசை துணை
கொழும்பு
05.12.2002

எல்லாம் வல்ல இறைவன் துணையுடன், என் அருமை மச்சான் இராயப்பனுக்கு நோபர்ட் எழுதுவது,

மச்சானின் கோபமும் பிரஷரும் இறங்கியிருக்கும் என்று நினைக்கிறேன். நான் குண்டுக்கல் மாதிரி இருக்கிறேன். அக்காவின் ஆடாதோடையைக் குடித்து இருமலே பயந்து ஓடிவிட்டது.

கப்பல் வந்துவிட்டது மச்சான்! நூறு ஏ.எச். பெட்டரி, கனத்த பிளேட். கடையில் வந்திறங்கியதில் ஒவ்வொன்றாக நானே சோதித்து, இருந்ததிலேயே சிறந்ததைப் பொறுக்கி எடுத்தேன். முதலில் சின்னது போதும் என்று எழுதியது என் பிழை. தூக்கக் கலக்கத்தில் எழுதியிருப்பேன். பதுர்தீன் நானாவின் லொறி கொழும்புக்கு வந்தது, அதில் ஏற்றிவிட்டேன். இரண்டு பேர் பிடித்துத்தான் இறக்க வேண்டும், அக்காவைத் தூக்க விடாதீர்கள். முதல் நாள் லைட் போடாமல் வெயிலில் நன்றாக நிரம்ப விடுங்கள். அடுத்த நாள் பின்னேரம் விறாந்தை லைட்டைப் போட்டால், சேவல் கூவியும் எரியும். மார்கழி மழைக்கும் அசையாது. சிவப்புப் பொட்டு உங்கள் வீட்டில் ஒருநாளும் எரியாது, அதற்கு நான் பொறுப்பு. மாதம் ஒருமுறை மூடியைத் திறந்து டிஸ்டில் வோட்டர் ஊற்றினால் போதும், இரண்டு போத்தல் கூடவே அனுப்பியிருக்கிறேன்.

கந்தோருக்கும் போனேன். ஆட்களைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறார்களாம், பொறுமையாக இருக்கச் சொன்னார்கள். கொம்பனிக்காரன் இந்தப் பெட்டரிக்கு மூன்று வருஷம்தான் உத்தரவாதம் தருகிறான். நான் சொல்கிறேன் மச்சான், ஐந்து வருஷம் உழைக்கும். அதற்குள் ஒஸ்வல்ட் வந்துவிடுவான். வந்ததும் இந்தத் தண்ணீர் ஊற்றுகிற வேலையை அவன் தலையில் கட்டிவிடுங்கள், அக்காவுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கட்டும்.

அக்காவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். உங்கள் எல்லாருக்கும் கிறிஸ்மஸ் வாழ்த்துகள்.

என்றும் உங்கள்
நோபர்ட்